புது மட்டைக்கு ஒரு பூசை

எங்கள் ஈப்போ பக்கத்தில் புதுக் கார் வாங்கினால் கடையிலிருந்து நேராகக் கோயிலுக்குத்தான் போகும். நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம், முன்கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சாமி காலடியில் சாவி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. என் பயிற்சிக் கார்கள் எல்லாமே எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் ரோட்டுக்கு வந்தன. ஆனால் என் வீட்டுக்காரர் புதுக் கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார் பாருங்கள், அன்றைக்குத்தான் எனக்கு வந்ததே கோபம்.

பூசாரி நல்ல மனிதர். மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டின்னா டயருக்கு அடியில வைப்பேன். இதுக்கு எங்கண்ணே பழம் வைக்கிறது?"

என் ஆள் அதையெல்லாம் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தார். மட்டைப் பையை இழுத்துப் போக ஒரு தள்ளுவண்டி உண்டு. அதற்கு இரண்டு சக்கரம். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு வைங்க சாமி" என்று காட்டினார். பூசாரி வைத்தார். தீபம் காட்டி, மணி அடித்து, மட்டைத் தலையில் குங்குமம் வைத்தார். இவர் தள்ளுவண்டியை முன்னால் தள்ளினார். பழம் நசுங்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. எங்களுக்குப் பின்னால் உண்மையான கார் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் காத்திருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"மட்டைக்குப் பூசை போட்டது போதும். அடிக்கிற ஆளுக்கு யாராவது பாடம் எடுத்தாத்தான் தேவலாம்" என்றேன் வீட்டுக்குப் போகும் வழியில்.

"உனக்கு என்னா தெரியும்? வாய மூடிக்கிட்டு ஓட்டு லா."

இந்த இடத்தில் என் தொழில் புத்தியைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடமாக ஈப்போவில் எத்தனையோ பேருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். சரிவில் வண்டியை நிறுத்தி எடுக்கத் தெரியாதவன் ஒருவன்கூட "எனக்குத் தெரியலக்கா" என்று சொன்னதில்லை. "கிளட்ச் சரியில்லக்கா, பிரேக் சரியில்லக்கா, அந்த வெள்ளைக் கார் குடுங்கக்கா" என்பார்கள். வெள்ளைக் காரைக் கொடுத்தாலும் பின்னால்தான் உருளும். அதனால் பொருள் மேல் பழி போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அப்படிப்பட்ட ஒருவரே எனக்கு வீட்டுக்காரராக வாய்த்ததை என்ன சொல்ல?

அவர் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பகுதிக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே இருந்த ஜப்பானிய அதிகாரிகளோடு பழகித்தான் கோல்ஃப் வந்தது. ஓய்வுக்குப் பிறகு அதுதான் அவருக்கு எல்லாம். கோப்பெங்குக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து பிறகு புல்வெளியாக மாறிய ஒரு திடலில் சனிக்கிழமை காலை நாலு பேர் சேர்ந்து ஆடுவார்கள். இவர், ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாய், பழைய தொழிற்சாலைக் கூட்டாளிகள் இரண்டு பேர். வாரத்தில் மற்ற நாட்களில் இவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. சனிக்கிழமை மட்டும் பாய் விடியும் முன்னே போன் அடிப்பார்: "மச்சான், கிளம்பியாச்சா?" அந்த ஒரு குரலுக்காகத்தான் இவர் வெள்ளிக்கிழமையே ஷூவைத் துடைத்து வைப்பார்.

அந்த நாலு பேரில் இவர் இடம்தான் கையை விட்டுப் போகப் பார்த்தது. ஒரு வருடமாக இவர் ஆட்டம் சரியில்லை. தூரத்துக்கு அடிப்பது காட்டுக்குள் போகும். குழிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகத் தட்டிவிட வேண்டிய பந்து குழியைச் சுற்றிக்கொண்டு ஓடும். நாலு பேர் கூட்டத்தில் ஒருவர் மட்டும் இழுத்துக்கொண்டே வந்தால் மற்ற மூன்று பேருக்கும் ஆட்டம் கெட்டுவிடும். தைப்பிங் ஊர் ஆட்களோடு வருடாந்திரப் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவதாக ஒருவர், நன்றாக ஆடக்கூடியவர், இடம் கிடைக்குமா என்று காத்துக்கொண்டிருந்தார். பாய் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை போன் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாக வர ஆரம்பித்தது. அது வரும் வரை என் வீட்டுக்காரர் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் புது மட்டை. பிறகு இன்னொரு புது மட்டை. பிறகு வேறு கடையில் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் பூசை.

ஒன்றும் பலிக்கவில்லை என்றதும், "கண்ணு பட்டிருக்கு" என்றார். போன வருடம் திடலில் ஏதோ ஒரு போட்டியில் ஜெயித்துக் கூடை நிறையப் பரிசு வாங்கி வந்தார், எல்லாரும் பார்த்தார்களாம். எனக்கும் அப்படி இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. நம் வீட்டு ஆளுக்கு ஒன்று என்றால் படித்த புத்தியெல்லாம் எங்கே நிற்கிறது? உப்பும் மிளகாயும் எடுத்து, அவரையும் மட்டைப் பையையும் சேர்த்து நிற்கவைத்துச் சுற்றிப் போட்டேன். பை பெரிது, வீட்டுக்குள் சுற்ற இடமில்லை என்று கார் நிறுத்தும் இடத்திலேயே கரி அடுப்பை வைத்தேன். மிளகாய் கருகியது. துளி நெடிகூட வரவில்லை. நெடி வராவிட்டால் கண்பட்டது நிச்சயம் என்றுதான் எங்கள் கணக்கு. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திறந்த வெளியில், காற்றடிக்கிற நேரத்தில் நெடி எப்படி வரும் என்று எனக்கு மறுநாள் ஒரு பிள்ளைக்குப் பார்க்கிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. ஈப்போவில் பந்து அடித்துப் பழகும் இடம் ஒன்றில் ஒரு சீனப் பெண் பயிற்சி கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு அவரிடம் சொன்னேன்.

"ஒரு பாடம் போய் பாருங்களேன்."

"நான் பந்து அடிக்கையில அந்தப் புள்ள பொறந்திருக்கவே மாட்டா. அவகிட்ட நான் என்னா கத்துக்கணும்?"

"அப்ப சரி. நான் போறேன். எனக்குக் கத்துக்கணும்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

இப்படித்தான் இந்த வயதில் நான் கோல்ஃப் மட்டை பிடித்தேன். முதல் பாடத்திலேயே அந்தப் பெண் மலாயில் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் பிடித்துப்போனது: "ஆன்ட்டி, இறுக்கிப் பிடிக்காதீங்க." ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உயிரை விடுகிற பிள்ளைகளிடம் நான் தினமும் கத்துகிற அதே வார்த்தை. நான் அடித்தது பாதி காற்றில் போனது. மீதி பக்கத்துத் தடுப்பில் போய் இடித்தது. ஆனாலும் மனசுக்கு நன்றாக இருந்தது. நாள் முழுக்கச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால் அது ஒரு சுகம். இவரும் கூட வருவார். பின்னால் நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் தவறவிடும்போதெல்லாம் "அய்யோ" என்பார்.

சில வாரங்கள் போன பிறகு ஒரு நாள், நான் இடுப்பைத் திருப்பாமல் அடிக்கிறேன் என்று அந்தப் பெண் அவரைக் கூப்பிட்டாள். "அங்கிள், நீங்க ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க. ஆன்ட்டி பாக்கட்டும்."

வேண்டாம் என்றார். முதுகு வலி என்றார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டாள். பக்கத்தில் பழகிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இனி மறுத்தால் மரியாதை இல்லை என்ற நிலையில் எழுந்து போய், குங்குமம் இன்னும் அழியாத அந்த மட்டையை எடுத்து ஒன்று அடித்தார். அவள் அதைப் போனில் படம் பிடித்தாள். எல்லாருக்கும் அப்படித்தான் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டுவாள்.

மெதுவாக ஓட்டினாள். இவர் பந்துக்கு முன்னால் நிற்கிறார். மட்டையின் தலை பந்துக்குப் பின்னால் புல்லில் இருக்கிறது. அடிக்க ஆரம்பிக்கும் முன் அது அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தது. புல்லைத் தட்டித் தட்டி ஆடியது. அவள் போன் திரையை விரலால் தள்ளி அவர் கையைப் பெரிதாக்கினாள். ஆடியது கை.

அவள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அங்கிள், கை எவ்வளவு நாளா இப்படி?"

"மட்டைக்குக் கனம் பத்தல" என்று சொல்லிவிட்டு இவர் காரை நோக்கி நடந்தார். பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பையை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அதிலிருந்த மட்டைகளின் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். பழையது மெல்லியது. அடுத்தது தடிமன். அதற்கடுத்தது இன்னும் தடிமன். கடைசியாக வாங்கியதைப் பிடிக்க என் கை போதவில்லை. ஆடுகிற இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் தகடு வைத்து, கனம் ஏற்றி, திருகாணியை இறுக்கி ஓட்டிவிடுவதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. இந்த மனிதர் கடைக்காரன் பேச்சைக் கேட்டு ஏமாறவே இல்லை. தன் கையைத்தான் பழுதுபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒருத்தருக்கும் தெரியாமல்.

அப்போதுதான் ஒன்றொன்றாகப் புரிந்தது. வீட்டில் மூடி போட்ட பெரிய குவளையில் மட்டும் காப்பி குடிப்பது. எங்கே போனாலும் "நீ ஓட்டு, நீதான் தினமும் ஓட்டுறவ" என்று சாவியை என்னிடம் கொடுப்பது. நான் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க ஊரார் கைகளையே பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டுக்கு வந்தால் கண்ணுக்கு லீவு.

காரில் ஏறி உட்கார்ந்தேன். கிளப்பவில்லை.

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னா? நான் என்னா வேத்தாளா?"

"வாத்தியாருங்க கையத்தான் முதல்ல பாப்பீங்க. அதான் நான் அந்தப் புள்ளகிட்ட போகல. உன் பக்கத்துல உக்காந்து ஓட்டவும் இல்ல" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. டாக்டரிடம் போயிருக்கலாமே என்று சத்தம் போட்டேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வேறொன்றைச் சொன்னார். ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது கோப்பை ஆடி மேசையில் சிந்திவிட்டதாம். காத்திருக்கிற அந்த ஐந்தாவது ஆள் பக்கத்து மேசையிலிருந்து, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் குடிக்கிறதுபோல் காட்டி, "காலங்காத்தாலேயேவா?" என்று சிரித்தானாம்.

"அவன் கிடக்குறான். நீங்கதான் தொடுறதே இல்லையே. பாய்க்குத் தெரியாதா?"

"என்னைய வேற எது வேணும்னாலும் சொல்லட்டும். அத மட்டும் சொல்லக் கூடாது" என்றார். ஒரு கிறுக்கன் பேச்சுக்கு இவ்வளவு ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மேலே கேட்டால் உடைந்துவிடுவார் என்று மட்டும் தெரிந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி; அவசரப்படாதவர். கைகளை முன்னால் நீட்டச் சொன்னார். ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தாளில் கோலச் சுருள் மாதிரி ஒன்றை வரையச் சொன்னார். இவர் வரைந்த கோடு பல்லுப் பல்லாக வந்தது. கை நடுக்கத்தில் தொடங்கி ஆளையே முடக்கிவிடும் என்று நாங்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்த பெரிய வியாதி இல்லை என்று அவர் சொன்னபோது நான் கும்பிட்டேவிட்டேன். இது வேறு வகை நடுக்கம், ஒரு பொருளைப் பிடிக்கும்போது அதிகமாகும், மாத்திரையில் ஓரளவு அடங்கும், கோல்ஃப் தாராளமாக ஆடலாம் என்றார். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்:

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படிக் கை ஆடுமா? இது பெரும்பாலும் பரம்பரையா வரும்."

"இல்ல" என்றார் இவர். பிறகு, "எங்கப்பாவுக்கு ஆடும். ஆனா அது வேற. அது சம்சு சாராயம் குடிச்சதுல" என்றார்.

அவர் அப்பாவை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வெகு காலம் முன்பே இறந்துவிட்டார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்றும் குடித்தே கெட்டவர் என்றும் சொல்வார்கள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

"எந்த வயசுல ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"என் வயசு இருக்கும். கத்தி ஆடும். மரத்துல பட்டையத் தாண்டிக் காயம் போட்டுருவாரு. கணக்கெழுதுற கிராணி பாத்துட்டு, குடிச்சிட்டு வேலைக்கு வாரான்னு சொல்லி மரவெட்டுலேருந்து நிறுத்திட்டாரு. புல்லு வெட்டப் போட்டாங்க."

"அவர் குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

இவர் தான் கோடு வரைந்த தாளைக் கையில் எடுத்தார்.

"வீட்டுல பாட்டில் இருந்ததா? வாடை?"

என் வீட்டுக்காரர் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. ஆஸ்பத்திரி அறையில் அந்த மனிதர் தன் அப்பாவின் வாடையைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததெல்லாம் ரப்பர் பால் வாடையும் வெற்றிலை வாடையும்தான் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கார் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் கமுந்திங்கில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார். கை ஆடியதால் நான்தான் நம்பரை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்தேன்.

"அக்கா, அப்பா குடிக்கலக்கா."

"என்னாடா சொல்ற?"

"அது வியாதிக்கா. எனக்கும் வந்திருக்கு. டாக்டர் இப்பத்தான் சொன்னாங்க. அவரு குடிச்சு நீ பாத்திருக்கியா? நெசமா சொல்லு."

அக்கா பேசினார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

"என் கல்யாணத்துல தாரை வாக்க அவர விடலையேடா. கை ஆடுது, தண்ணியக் கீழ ஊத்திருவாரு, மாப்ள வீட்டுக்காரங்க குடிகாரன்னு சிரிப்பாங்கன்னு பெரியப்பாவ நிக்க வச்சோம். நான்தான்டா சொன்னேன், அவரு வேணாம்னு. பந்தல் ஓரத்துல துண்ட மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ஒரு வார்த்த பேசலையேடா, அந்த மனுசன். நான் குடிக்கலம்மான்னு ஒரு வார்த்த சொல்லலையே."

"சொல்லியிருந்தா நம்பியிருப்போமாக்கா?" என்றார் இவர்.

இரண்டு பேரும் போனில் அழுதார்கள். நான் வெளியே இறங்கி நின்றுகொண்டேன்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் தானே போய்ப் பெயர் கொடுத்தார். முதல் நாள் அவள் கையை நீட்டச் சொன்னாள், நீட்டினார். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு யோசித்து நிற்பதுதான் ஆபத்து, வைத்த உடனே எடுத்துவிட வேண்டும், கை ஆட நேரம் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். குழிக்கு அருகே இரண்டு கைகளையும் மாற்றிப் பிடிக்கப் பழக்கினாள். அதற்குத் தடித்த கைப்பிடிதான் வசதி என்று அவளே சொன்னாள். "பாத்தியா" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். சரி, மட்டைக்கும் ஒரு பங்கு இருக்கிறது, நான் ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் பழைய மாதிரி ஆகவில்லை. ஆகாது. ஓரளவு தேறியது.

ஆனால் சனிக்கிழமைக்கு அவர் தயாரானது வேறு ஒரு விஷயத்துக்காக. கை நடுக்கத்தை எல்லாரிடமும் சொல்லிவிடப் போகிறேன் என்றார். இடம் போனால் போகட்டும் என்றார். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். அன்று என்ன நடந்தது என்று பாய் பிறகு தன் கடையில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார். ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்களாம். அந்த ஐந்தாவது ஆளும் இருந்தானாம். இவர் எழுந்து நின்று, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, கோப்பையை ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்தாராம். தேநீர் தளும்பி மேசையில் சிந்தியதாம். துடைக்கப் போன பாயைத் தடுத்துவிட்டாராம்.

"கை நடுங்குது, வியாதி, மருந்து சாப்பிடறேன்னு அப்புறம்தான்க்கா சொன்னான்" என்றார் பாய். "அதுக்கெல்லாம் முன்னாடி, எடுத்த எடுப்புல அவன் சொன்னது இதுதான்: 'எங்கப்பா குடிக்க மாட்டாரு.'"